வெளிநாட்டுப் படிப்பில் சம்பளத்தைத் தவிர என்ன கிடைக்கும்?

கோவை அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது: "ஜெர்மனியில் முதுநிலை படிக்க ஆசைப்படுகிறேன். அப்பா நிலத்தை அடகு வைக்கவும் தயார். ஆனால் ஒன்று கேட்கிறார்: 'சம்பளத்தை விட்டுவிடு. இங்கே படித்தால் கிடைக்காத எது அங்கே கிடைக்கும், அதைச் சொல்.' எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்."

உங்கள் அப்பா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். போவதற்கு முன் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். நான் திருப்பூர்க்காரன். அப்பா ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். 2017 அக்டோபரில் ஜெர்மனியின் கிழக்கே கெம்னிட்ஸ் என்னும் நகரத்துக்கு இயந்திரவியல் முதுநிலை படிக்கப் போனேன். 2020-இல் படிப்பை முடித்து, இரண்டு ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்துவிட்டு, 2022 கடைசியில் ஊர் திரும்பினேன். இப்போது திருப்பூரில்தான் இருக்கிறேன். எனவே, அங்கேயே தங்கிவிட்டவர்கள் சொல்வதிலிருந்து என் பதில் கொஞ்சம் வேறுபடும்.

கிடைப்பது என்னவென்று ஒரு வரியில் கேட்டால் இப்படிச் சொல்வேன்: உலகமே இப்படித்தான் என்று நான் நம்பியிருந்த பல விஷயங்கள், என் ஊர் வழக்கம் மட்டுமே என்று தெரிந்துபோனது. கேட்கும்போது சின்ன விஷயமாகத் தோன்றும். என் வாழ்க்கையில் அது எதையெல்லாம் புரட்டிப் போட்டது என்று சொல்கிறேன்.

முதலில் தேர்வு. எட்டு செமஸ்டரும் நல்ல மதிப்பெண் எடுத்தவன் நான். கெம்னிட்ஸில் எழுதிய முதல் தேர்விலேயே 5.0 வாங்கினேன். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 என்றால் தோல்வி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தாம். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பை அந்நாட்டில் வேறெங்கும் தொடர்வது மிகக் கடினம். இரண்டு இரவுகள் தூக்கமில்லை. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை.

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: இன்ன நாள், இன்ன அறையில் விடைத்தாள்களைப் பார்க்கலாம். இதற்கு அங்கே 'ஐன்ஸிஷ்ட்' என்று பெயர். போனேன். நீளமான மேஜை, அதில் எங்கள் விடைத்தாள்கள். திருத்திய ஆராய்ச்சி மாணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். என் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, மூன்றாம் கேள்வியில் விரலை வைத்தார். "சூத்திரம் சரி, விடையும் ஏறக்குறைய சரி. ஆனால் இந்தச் சூத்திரம் இந்தத் தண்டுக்குப் பொருந்தும் என்று எதை வைத்து முடிவு செய்தாய்? அதை நீ எங்கேயும் எழுதவில்லையே" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த மாதிரிக் கணக்குக்கு அந்தச் சூத்திரம் என்று மனப்பாடமாகப் படித்திருந்தேன், அவ்வளவுதான். பாதி மதிப்பெண் அந்த ஒரு வரிக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

பக்கத்தில் ஒரு ஜெர்மன் மாணவி அரை மதிப்பெண்ணுக்காக இருபது நிமிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். குரல் உயரவில்லை, கெஞ்சலும் இல்லை. தாளில் கோடு போட்டுக் காட்டிக் காட்டிப் பேசினாள். கடைசியில் அவர் மதிப்பெண்ணைத் திருத்தினார். திருத்தியதோடு நில்லாமல், "நான் கவனிக்கத் தவறிவிட்டேன், நன்றி" என்றார். நான் எழுதிய தாளைத் திரும்பப் பார்க்கவே மனுப் போட்டு, பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவன் நான். திருத்தியவர் எதிரே உட்கார்ந்து, தவறு என்னுடையது என்று சொல்வதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். அடுத்த முறை அதே தேர்வில் 2.3 எடுத்தேன். அந்த மதிப்பெண் மறந்தே போயிருக்கும், விண்ணப்பப் படிவங்களில் எழுத வேண்டியிருந்திராவிட்டால். எதை வைத்துச் சொல்கிறாய் என்ற கேள்வி மட்டும் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. இப்போது ஒரு துணி ஏன் சுருங்குகிறது என்று யாராவது காரணம் சொன்னால், என் வாயில் முதலில் வருவது அதுதான்.

பேராசிரியர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் ஒருநாள் ஒருவர் ஏதோ கேட்டார். பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றார். வகுப்பில் ஒரு சலசலப்பும் இல்லை. அடுத்த வாரம் இரண்டு பக்கக் குறிப்போடு வந்தார். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள்; அங்கே கைதட்டுவதற்குப் பதில் இதுதான் வழக்கம். 1810-இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, கற்பிப்பவரும் கற்பவரும் இருவருமே தேடுகிறவர்கள் என்ற எண்ணத்தின் மேல்தான் அதை நிறுவினார் என்று பின்னர் படித்தேன். படித்ததைவிட, அந்தத் "தெரியவில்லை"யைக் காதால் கேட்டதுதான் எனக்கு உறைத்தது.

இனி, என் வரையில் மிகப் பெரியது.

கெம்னிட்ஸுக்கு 'சாக்சனியின் மான்செஸ்டர்' என்று பெயர். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரே பாதி ஊர் வந்துசேர்ந்த மாதிரி இருந்தது. காலுறைப் பின்னலுக்கும் நெசவு இயந்திரங்களுக்கும் பேர்போன நகரம் அது. 1953 முதல் 1990 வரை அதன் பெயர் கார்ல் மார்க்ஸ் நகரம். ஏழு மீட்டர் உயர மார்க்ஸ் தலைச் சிலை இன்றும் நகர நடுவில் நிற்கிறது. கிழக்கும் மேற்கும் இணைந்தபின் அந்த ஆலைகளில் பல மூடப்பட்டன. அப்படி ஓர் ஆலையில் வேலை பார்த்து, பிறகு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் ஒருவர் இருந்தார். வயது அறுபதை நெருங்கியிருக்கும். எல்லோரும் அவரை மைஸ்டர் என்றே அழைத்தோம். தொழிற்பயிற்சி முடித்து, பல ஆண்டு வேலை செய்து, தேர்வெழுதிப் பெறுகிற பட்டம் அது.

அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு மாணவர் உதவியாளர் வேலை கிடைத்தது. கண்ணாடி நாரையும் கார்பன் நாரையும் பின்னி, வாகனங்களுக்கு எடை குறைந்த பாகங்கள் செய்யும் ஆராய்ச்சி. முதல் நாள், வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து இறங்கிய துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருந்தது. மைஸ்டர் என்னைப் பார்த்து, "நீ இயந்திரவியல் பட்டதாரிதானே, திறந்து பார்" என்றார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நான்காண்டுப் படிப்பில் நான் ஓர் இயந்திரத்தையும் பிரித்ததில்லை. பிரிப்பது ஃபிட்டர் வேலை, வரைவது பொறியாளர் வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எனக்குள் ஊறியிருந்தது. அவர் என் கையைப் பிடித்து, துணியில் விழுந்த கோட்டை மேலே தொடர்ந்து போய், சிலிண்டரில் ஓர் ஊசியைத் தொட்டுக் காட்டினார். ஊசியின் தாழ் முறிந்திருந்தது. அன்று இரவு படுக்கையில் நினைவுக்கு வந்தது: அப்பா இதைத் தினமும் செய்கிறார். இயந்திரம் ஓடும் சத்தத்தை வைத்தே ஊசி முறிந்ததைச் சொல்லிவிடுவார் என்று அவருடைய கூட்டாளிகள் பெருமையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதை ஒரு படிப்பாக நான் ஒருநாளும் எண்ணியதில்லை. சொல்லப்போனால், அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தானே என்னைப் படிக்க வைத்தார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு கண்ணாடி நார் பின்னும்போது துணியில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. மூன்று நாள் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. ஏதோ தைரியத்தில் அப்பாவை வீடியோவில் அழைத்து, கைப்பேசியை இயந்திரத்தின் முன் பிடித்தேன். முதலில் அவருக்குக் கூச்சம். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "என்ன டயா? எத்தனை கேஜ்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கும் முன்பே மைஸ்டர் விரலால் எண்ணைக் காட்டினார். கேஜ், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு, இரண்டு ஊருக்கும் பொதுவாயிற்றே. பிறகு நான் இருவருக்கும் இடையில் கிட்டத்தட்டத் தேவைப்படவே இல்லை. அப்பா இரண்டு கைகளையும் கீழே இழுத்துக் காட்டி, "கீழ் ரோலர் ரொம்ப இழுக்கிறது, இந்த நூலுக்கு அவ்வளவு தாங்காது, தளர்த்தச் சொல்" என்றார். மைஸ்டர் திருகைத் தளர்த்தினார். கால் மணி நேரத்தில் துணி சுத்தமாக இறங்கியது. அவர் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, திரையைப் பார்த்துத் தலை வணங்கி, "நீங்களும் மைஸ்டர்" என்றார். அந்த ஒரு சொல்லை நான் மொழிபெயர்த்தேன். அப்பா பதிலொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

ஜெர்மனியில் 2013 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வித் தகுதி அட்டவணையில் மைஸ்டர் பட்டமும் பல்கலைக்கழக இளநிலைப் பட்டமும் ஒரே நிலையில், ஆறாம் நிலையில், வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அட்டவணைப்படி இரண்டும் ஒரே வரிசை. நம் ஊரில் என் அப்பாவின் முப்பது ஆண்டு அறிவை யாரும் எந்த அட்டவணையிலும் சேர்த்துப் பார்த்ததில்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனபிறகுதான் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரிந்தது. உங்கள் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் விவசாயி என்றால் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்வார்.

அதே கூடத்தில் சோதனை முடிந்ததும் பேராசிரியர் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்குவார். விடுதியில் கழிப்பறை கழுவும் முறை வாரத்துக்கு ஒருவர் என்று சுவரில் ஒட்டியிருக்கும். இது அங்கே பேசப்படுகிற விஷயமே அல்ல. நமக்கு அது ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று யோசித்தால், பேச்சு நேராகச் சாதிக்குத்தான் வந்து நிற்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். அங்கே பொருளாதாரமும் வரலாறும் சமூகவியலும் படித்தார். தத்துவ அறிஞர் ஜான் டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தார். 1916-இல் லண்டன் போய், 1917-இல் பரோடாவுக்குத் திரும்பியபோது, மன்னரின் அலுவலகத்தில் வேலை இருந்தும் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கி, அங்கிருந்தும் விரட்டப்பட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஆண்டுகள், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைவையே தன் மனத்திலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று பிற்பாடு அவர் எழுதினார். வெளிநாட்டுப் படிப்பு தரக்கூடியதில் இதைவிடப் பெரிதாக ஒன்றை நான் அறியவில்லை. பிறந்ததிலிருந்து உடம்போடு ஒட்டியிருந்த ஒரு பாரம் இல்லாமல் சில ஆண்டுகள் நடந்து பார்த்தவர், அந்தப் பாரம் இயற்கை அல்ல, மனிதர் ஏற்றி வைத்தது என்பதை ஏட்டைப் பார்த்து அறிய வேண்டியதில்லை.

என்னோடு படித்த நண்பர் ஒருவர், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஒருநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு ஜெர்மன்காரர்கூட என் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்கவில்லை." நான் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. ஆனால், அதே ஊரில் நம்மவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். சுற்றி வளைத்து, ஊர் எது, குலதெய்வம் எது என்று தொடங்கி. சாதியும் நம்மோடு விமானம் ஏறி வரும். யாருடன் அறை எடுப்பது, பொங்கலுக்கு யாரை அழைப்பது என்பதில் அது தலைகாட்டும். போகிற இடத்தில் நம்மவர்களோடு மட்டுமே பழகினால், நான் சொல்லும் லாபத்தில் முக்கால்வாசி கைக்கு வராது.

இன்னொன்று நான் கேட்டு வாங்காதது. 2018 ஆகஸ்டு கடைசியில் கெம்னிட்ஸ் நகரத் திருவிழாவின்போது ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதைக் காரணம் காட்டி அடுத்த நாள்களில் வெளிநாட்டவருக்கு எதிரான கூட்டங்கள் தெருவில் திரண்டன. வெளிநாட்டு முகம் தெரிந்தவர்கள் தாக்கப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள். அந்த வாரம் நான் டிராம் நிறுத்தத்துக்குத் தனியாகப் போகவில்லை. என் அறைத்தோழன், உள்ளூர்ப் பையன், கேட்காமலே கூட வந்தான். கீழ்வீட்டு மூதாட்டி கதவிடுக்கில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்: ஏதாவது என்றால் எந்த நேரமும் மணியை அடிக்கலாம் என்று. செப்டம்பர் 3 அன்று வெறுப்புக்கு எதிராக நடந்த இசைநிகழ்ச்சிக்கு 65,000 பேர் திரண்டார்கள்; நானும் போயிருந்தேன். ஆனாலும், கடையில் பின்னால் யாராவது வேகமாக நடந்துவந்தால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது.

தமிழ்நாட்டில் இருந்தவரை நான் பெரும்பான்மை. பெரும்பான்மைக்குத் தான் பெரும்பான்மை என்றே தெரியாது. 2023 மார்ச்சில், நான் ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தபோது, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு பையன்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் கம்பெனியில் வேலை செய்த இரண்டு பையன்கள் மாலையில் டீ குடிக்க வெளியே போவதை நிறுத்திவிட்டார்கள். அது வெறும் வதந்தி என்று எல்லோரும் அவர்களிடம் சொன்னார்கள், சொன்னது உண்மையும்கூட. ஆனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பும் அந்தக் கழுத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அப்பாவும் நானும் ஒரு வாரம் அவர்களோடு கடைக்கு நடந்து போய்வந்தோம். கெம்னிட்ஸ் போகாதிருந்தால், நான் அந்த வாரம் வதந்தி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

மொழி விஷயத்தை நினைத்தால் மனம் குளிர்கிறது. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தாலும் ஊர் ஜெர்மனில்தான் ஓடுகிறது. பேச்சுப் பயிற்சிக்காக ஒரு மாணவியோடு வாரம் ஒருமுறை உட்கார்வேன். அவள் எனக்கு ஜெர்மன் சொல்லித்தர, நான் அவளுக்குத் தமிழ். மூன்றாம் வாரமே கேட்டாள்: "எங்களுக்கு ஒரே சொல்தான், நீங்கள் ஏன் நாம், நாங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறீர்கள்?" இருபத்து மூன்று ஆண்டுகள் தமிழ் பேசியவன், அதில் இரண்டு இருக்கிறது என்பதையே அன்றுதான் கவனித்தேன். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள் என்று விளக்கினேன். "அப்படியானால் ஒவ்வொரு முறை பேசும்போதும் எதிரில் இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்ய வேண்டுமே!" என்று வியந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை என்னை ஹாலே நகரத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே ஃபிராங்கே அறநிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. ஹாலேயில் படித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியதிலிருந்து தொடங்கிய தொடர்பு அது. கண்ணாடிக்குப் பின்னால் நம் எழுத்து. ஒரு வரியையும் சரளமாகப் படிக்க முடியாமல் நின்றேன். ஊர் வந்தபின் சுவடி எழுத்துப் பயிற்சியில் சேர்ந்ததற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

சரி, இனி உங்கள் அப்பாவின் நிலம். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால் நான் துரோகம் செய்தவன் ஆவேன்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்கு ஒருமுறை சில நூறு யூரோ நிர்வாகக் கட்டணம் மட்டும் கட்டவேண்டும். பல இடங்களில் பஸ், ரயில் பயணமும் அதிலேயே அடங்கும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து இப்படி வருபவர்களிடம் முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. விசாவுக்கு, ஓராண்டுச் செலவுப் பணத்தை முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டவேண்டும். நான் போனபோது அது 8,640 யூரோ. 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. அது கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்ப வரும். ஆனால் முதல் நாளே மொத்தமாகக் கையில் இருந்தாக வேண்டும். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் 2022 நவம்பர் முதல் கட்டாயம். இவற்றுக்கே பல மாதங்கள் பிடிக்கும்.

ஏஜென்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கு அரசுப் பல்கலைக்கழகம் கிடைக்காது என்று பயமுறுத்தி, பல லட்சம் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனத்தில் சேர்த்துவிடுவார்கள். அங்கிருந்து அவர்களுக்குக் கமிஷன் வரும். என் அறைக்கு எதிர் அறையில் இருந்த பையனின் உறவினர் ஒருவர் அப்படித்தான் வீட்டை விற்றார். விண்ணப்பத்தை நீங்களே போடமுடியும். எல்லா விவரமும் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான 'டாட்' அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசும் மத்திய அரசும் வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை தருகின்றன. தகுதி இருந்தால் கடன் வாங்கும் முன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

வேலை தானாக வந்துவிடாது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல்; வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம். அந்தப் பதினெட்டு மாதத்தில் ஜெர்மன் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இரண்டு வரிசையாகப் பிரிந்து போவதை என் கண்ணால் பார்த்தேன். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சமைத்து, ஜெர்மன் பேசாமலே மூன்று ஆண்டு ஓட்டியவர்கள் கடைசியில் கிடங்கில் பார்சல் தூக்கினார்கள். அந்த வேலையில் இழிவு ஏதுமில்லை. நானும் முதல் குளிர்காலத்தில் தூக்கினேன். ஆனால் அதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. பகுதிநேர வேலைக்குச் சட்டம் ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதிக்கிறது. அதை நம்பிக் கடன் கணக்குப் போட்டவர்கள் தேர்வில் கோட்டைவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

தனிமையையும் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் விடுதி காலியாகும், கடைகள் மூடும், வெளியே பனியில் ஒரு காக்கை மட்டும் நடக்கும். முதல் ஆண்டு அந்த வாரத்தில் நான் யாரிடமும் நான்கு நாள் பேசவில்லை. உதவி கேட்பது வெட்கம் என்று வளர்க்கப்பட்டவர்கள் அங்கே உடைந்துபோகிறார்கள். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச உளவியல் ஆலோசனை உண்டு. நான் இரண்டாம் குளிர்காலத்தில் போனேன், பயன்பட்டது. உங்களுக்குத் தேவைப்பட்டால் முதல் குளிர்காலத்திலேயே போங்கள்.

முழுப் படிப்புக்குப் பணம் கூடவில்லை என்றால் வேறு வழிகளும் உண்டு. ஐரோப்பியர்கள் 1987-இல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் ஆண்டில் போனவர்கள் 3,244 பேர்தான். பெரும்பாலும் சில மாதங்கள், ஒரு செமஸ்டர். என் விடுதியில் அப்படி வந்திருந்த ஸ்பெயின் மாணவன் ஆறே மாதத்தில், நான் ஓராண்டில் கற்றதைவிட அதிகம் கற்றான், எல்லோரோடும் கலந்து பழகியதால். உங்கள் கல்லூரிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பல கல்லூரிகளில் ஒப்பந்தம் இருக்கிறது, கேட்பவர்கள்தான் இல்லை.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. கோவையில் கோத்தே மையம் இருக்கிறது, சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. எது வசதியோ அங்கே ஏ1 ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். முதல் நிலை முடிவதற்குள் இந்த ஆசை கூடுகிறதா குறைகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்பாவிடம் பாடங்களைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என் அப்பா இன்றும் ஜெர்மனில் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவார். அதுவரை நிலப் பத்திரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.